அண்டத்தின் விரிவும் படைத்தவனின் நோக்கமும்: நாமக்கல் குன்றிலிருந்து ஒரு வாசிப்பு

நாமக்கல் நகரின் நடுவில் நிற்கும் ஒற்றைக் கற்குன்றின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மர் குடைவரையும் கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதர் குடைவரையும் உள்ளன. அதியமான் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்தவை இவை. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அதனை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று குறிக்கிறது. குன்றின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். உச்சியில் பிற்காலக் கோட்டை ஒன்றும், அடிவாரத்தில் கூரையில்லாத சந்நிதியில் 18 அடி உயர ஆஞ்சநேயரும் உண்டு.

பிரபஞ்சம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அதை ஒரு நோக்கத்தோடு படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று எப்படி நம்புவது? மனிதனுக்காகத்தான் படைத்தான் என்றால் இத்தனை வெற்றிடம் எதற்கு? தொலைநோக்கி வந்த பிறகு எழுந்த கேள்வி இது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. சேலம், நாமக்கல் சமவெளியிலேயே இந்தக் கேள்வி கல்லிலும் மேடையிலும் கணித ஏட்டிலும் வெவ்வேறு வடிவங்களில் எழுந்துள்ளது. தமிழ்ச் சமய இலக்கியத்தில் இதை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் பகுதி மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள திருவண்டப்பகுதி. இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், ஒரே விடையாகத் தோன்றுபவை ஒன்றல்ல என்பது தெரியும்.

ஓங்கிய அடி

நரசிம்மர் குடைவரையில் நரசிம்மர், வராகர், வைகுண்ட நாராயணர் ஆகிய சிற்பங்களோடு வாமன திரிவிக்கிரமச் சிற்பத் தொகுதியும் உள்ளது. ஒரு கால் தரையில் ஊன்ற, மறு கால் மேலே தூக்கி நிற்கிறார் திரிவிக்கிரமர். அதே தொகுதியில் கீழே குள்ளச் சிறுவனாகிய வாமனன் மகாபலியிடம் தானம் பெறுகிறான். கதையில் முன்னும் பின்னும் நடப்பவற்றை ஒரே கல்லில் ஒரே நேரத்தில் காட்டுவது பல்லவர் காலத்திலிருந்து வரும் சிற்ப முறை. மாமல்லபுரம் வராகக் குடைவரையிலும் திரிவிக்கிரமர் உண்டு. நாமக்கல் சிற்பத்தின் சிறப்பு அளவு வேறுபாட்டில் இருக்கிறது. சிறுவனையும் ஓங்கியவரையும் ஒருசேரப் பார்க்கும் கண், இரண்டும் ஒருவரே என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். அண்டத்தின் விரிவைக் காட்டச் சிற்பிக்கு வானமோ விண்மீனோ தேவைப்படவில்லை. ஒரு கால் போதுமாக இருந்திருக்கிறது.

ஆனால் இந்தப் பேருருவத்தின் நோக்கம் என்ன? புராணக் கதைப்படி ஓர் அரசனை அடக்குவது. அந்த அரசனோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவன். ரிக் வேதத்தில் விஷ்ணுவின் மூன்றடிகள் உண்டு, மகாபலி இல்லை. அங்கே அடி வைப்பதன் பயன், உயிர்கள் வாழ அகன்ற இடம் உண்டாக்குவது. இந்தப் பழைய கருத்து அழகானது. விரிவுக்கே ஒரு நோக்கம் கற்பிக்கிறது அது: இடம் வேண்டும், எனவே அளந்தான். புராணம் அதை அதிகாரக் கதையாக மாற்றிவிட்டது. பெரியவன் பெரியவனாவது, கீழே இருப்பவனின் தலைமேல் கால் வைப்பதற்காக என்றாகிவிட்டது.

இந்த மாற்றத்தைத் திராவிட இயக்கத்தார் கூர்மையாகப் பிடித்துக்கொண்டனர். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. மகாபலியை வஞ்சிக்கப்பட்ட மன்னனாகக் காண்பது அவ்வியக்க மேடைகளில் வழக்கமாயிற்று. பெரியாரின் கடவுள் மறுப்பு வானியலிலிருந்து தொடங்கியதன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். பிரபஞ்சம் பெரிது, ஆகவே கடவுள் இல்லை என்பது அவருடைய முதன்மை வாதம் அல்ல. இந்தக் கடவுளின் பெயரால் யார் மேலே, யார் கீழே வைக்கப்பட்டனர் என்பதே அவர் கேள்வி. நோக்கமுள்ள படைப்பு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேரே விண்மீன்களுக்குப் போய்விடுகிறார்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு வகுத்ததும் அதே நோக்கம்தானா என்று கேட்டால், ஒளியாண்டுகளைக் காட்டி விடை சொல்ல முடியாது. சேலத்தின் மறுப்பு நம்பிக்கையாளருக்கு வைத்த உண்மையான தடைக்கல் இதுவே. வானியல் வைக்கும் தடைக்கல் இதைவிடச் சிறியது.

வெயில் கீற்றில் தூசு

திருவண்டப்பகுதி திருவாசகத்தின் மூன்றாம் பகுதி. ஆசிரியப்பாவால் ஆன 182 அடிகள் கொண்டது, தில்லையில் அருளியது என்பர். மாணிக்கவாசகர் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 9ஆம் நூற்றாண்டு என்று கொள்வோர் பலர். அப்படியானால் நாமக்கல் குடைவரைகளுக்கும் இந்த அகவலுக்கும் இடையே நூறாண்டு அளவே இடைவெளி.

தொடக்கத்திலேயே அண்டங்களின் பெருக்கம் பேசப்படுகிறது. அவை நூறு கோடிக்கு மேலும் விரிந்து கிடப்பவை. ஒன்றுக்கொன்று எழில் காட்டி நிற்பவை. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் நுண்ணிய தூசுகளைப் போல அவை சிறியனவாகத் தோன்றும்படி ஒருவன் பெரியவனாக இருக்கிறான் என்று அகவல் நகர்கிறது. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் வெயில் கம்பத்தில் தூசு சுழல்வதைப் பார்த்திருப்பார்கள். கான்கிரீட் கூரைக்கு மாறிய தலைமுறைக்குச் சாளரத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

அண்டம் என்ற சொல்லுக்கு முட்டை என்பது பொருள். பிரமாண்டம் என்றால் பிரமனின் முட்டை. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சொல்லின் பின்னுள்ள கற்பனையை மறக்கக் கூடாது. ஓடும் உள்ளீடும் கொண்ட, மூடிய, முழுமையான ஓர் உலகமே அண்டம். அது இன்றைய வானியல் கூறும் விண்மீன் கூட்டம் அன்று. திருவண்டப்பகுதியை எடுத்துக்கொண்டு, மேலை அறிவியல் 20ஆம் நூற்றாண்டில் கண்டதைத் தமிழர் அன்றே கண்டனர் என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். இந்தப் பெருமிதம் அகவலுக்குத் தீங்கு செய்கிறது.

எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். நமது பால்வழி மண்டலத்தில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாத விண்மீன்கள் உள்ளன. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. 1920கள் வரை அதற்கு அப்பால் வேறு மண்டலங்கள் உண்டா என்பதே விவாதமாக இருந்தது. எட்வின் ஹபிள் ஆந்திரமேடா தனி மண்டலம் என்று காட்டிய பிறகே அந்த விவாதம் முடிந்தது. காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு இன்று ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு என்றும் அதன் வயது 1,380 கோடி ஆண்டு என்றும் கணிக்கிறார்கள். இவற்றின் முன் நூறு கோடி என்பது சிறிய எண். முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொண்டால் அது தோற்றுப்போன முன்னறிவிப்பு. அதற்கு மேலும் என்று அகவல் சேர்த்துச் சொல்வதால் தோற்கவில்லை என்று வாதிடலாம். அப்படி வாதிட்டால் எந்த எண் வந்தாலும் அது பொருந்திவிடும். எதற்கும் பொருந்துவதை அறிவியல் என்று யாரும் சொல்வதில்லை.

மாணிக்கவாசகர் எண்ணிக் காட்ட வரவில்லை. எண்ணும் மனம் சோர்ந்து கைவிடும் இடத்துக்குப் படிப்பவரைக் கொண்டுபோய் நிறுத்தவே அந்த எண் வருகிறது. அதன் பின் அகவல் செய்வதுதான் கவனிக்க வேண்டியது. அண்டங்களின் அளவை விட்டுவிட்டுப் பொருள்களின் குணத்துக்கு இறங்குகிறது. ஞாயிற்றில் ஒளியும் திங்களில் குளிர்ச்சியும் தீயில் வெம்மையும் காற்றில் அசைவும் நீரில் இனிய சுவையும் மண்ணில் திண்மையும் வைத்தவன் யார் என்று ஒவ்வொன்றாகத் தொடுகிறது.

படைத்தவனின் நோக்கம் பற்றிய மாணிக்கவாசகரின் விடை இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிறு எவ்வளவு பெரிது என்பதில் அவர் நோக்கத்தைத் தேடவில்லை. அது ஒளியாக இருக்கிறது என்பதில் தேடுகிறார். நீர் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை, அது இனிக்கிறது என்பதே பொருட்டு. ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர் வரும் ஊர்களில் வாழ்வோருக்கு நீரின் இனிமை தற்செயல் அன்று என்னும் உணர்வு எளிதில் புரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. எத்தனை அடியில் நீர் வந்தது என்பது வண்டிக்காரர் கணக்கு. வந்த நீரை வாயில் விட்டுப் பார்ப்பது வீட்டுக்காரர் கணக்கு. திருவண்டப்பகுதி இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது.

பிறகு அகவலில் ஒரு துரத்தல் வருகிறது. கண்டோம், பிடியுங்கள், வளையுங்கள், விடாதீர்கள் என்று கூவுவோரின் பிடிக்கு முன்பே அவன் ஒளிந்துகொள்கிறான். திருடனைத் துரத்தும் தெருக் காட்சி போன்ற இந்தப் பகுதியில் மெல்லிய நகைச்சுவை உண்டு. உரைகள் இதைப் பெரும்பாலும் தத்துவமாகவே விளக்கிச் செல்கின்றன. இறைவனை ஒரு கருத்தால் மடக்கிப் பிடித்துவிட்டோம் என்று நினைப்போரைப் பற்றிய பகடி இது. வானியல் முன்னறிவிப்பு என்று கட்டுரை எழுதுவோரும் இந்தக் கூட்டத்தில் சேர்வர்.

கடைசிப் பகுதியில் அளவு முழுவதும் தலைகீழாகிறது. அண்டங்களில் தொடங்கியது மனித உடலில் வந்து முடிகிறது, அதுவும் எலும்பின் துளைகளில். அங்கே அமுது நிரம்புவதைச் சொல்கிறது அகவல். இறைவனது தூலத்தையும் சூக்குமத்தையும் வியந்தது என்று இப்பகுதிக்கு மரபு கருத்துரைத்திருப்பதும் இதற்காகவே. அண்டம் முதல் எலும்புத் துளை வரை ஒரே நீண்ட சரிவாக எழுதப்பட்ட வேறொரு பாட்டு தமிழில் எளிதில் கிடைக்காது. 1900இல் வெளிவந்த ஜி.யூ.போப்பின் மொழிபெயர்ப்பு இந்தச் சரிவைப் பிற மொழியினருக்கும் எட்டச் செய்தது.

திரிவிக்கிரமனின் அடி மேலே போய்க் கீழே இறங்கும்போது ஒருவன் தலை தாழ்கிறது. திருவண்டப்பகுதியின் பெருமை கீழே இறங்கும்போது ஒருவன் உருகுகிறான். இரண்டும் இறைவனின் பேருருவம் பற்றியவையே என்றாலும் ஒன்றில் பெருமை அதிகாரமாகவும் மற்றொன்றில் அண்மையாகவும் வெளிப்படுகிறது. இலக்கியமாகவும் சமயமாகவும் இரண்டாவதே மேலானது.

இதே தூசு உவமை வேறொரு கையிலும் வந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியைப் படமெடுத்தது. சிதறிய கதிரொளிப் பட்டை ஒன்றில் பூமி ஒரு புள்ளிக்கும் குறைவாகத் தெரிந்தது. கார்ல் சேகன் 1994இல் வெளியிட்ட நூலில் அதைக் கதிரொளியில் தொங்கும் தூசாகக் கண்டார். அவர் திருவாசகம் படித்திருக்க வேண்டியதில்லை. வெயிலும் தூசும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இரு உவமைகளும் சென்று சேர்ந்த இடங்கள் எதிரெதிரானவை. சேகனுக்குத் தூசாகத் தெரிந்தது பூமி. வெளியிலிருந்து யாரும் வந்து நம்மைக் காப்பாற்றப்போவதற்கான அறிகுறி இல்லை, எனவே நாமே ஒருவரையொருவர் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கண்டது. மாணிக்கவாசகருக்கு எல்லா அண்டங்களுமே தூசு. தூசு என்று பார்க்க ஒரு வீடும், வீட்டுக்குள் விழும் வெயிலும் வேண்டும். சேகனின் கதிருக்கு வீடு கிடையாது. நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் உள்ள வேறுபாடு பிரபஞ்சத்தின் அளவில் இல்லை என்பதற்கு இந்த இரு உவமைகளைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இருவருமே அளவை ஏற்கிறார்கள்.

சித்தாந்தம் சொல்லும் காரணம்

மாணிக்கவாசகர் உணர்ந்து சொன்னதை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வாதமாக வைத்தார். 12 சூத்திரங்கள் கொண்ட அந்நூலின் முதல் சூத்திரம், தோன்றி நின்று அழியும் உலகுக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவ முயல்கிறது. இங்கே படைத்தவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகை உண்டாக்கியவன் அல்லன். குயவனுக்கு மண் போல அவனுக்கு மாயை இருக்கிறது. இறை, உயிர், தளை மூன்றுமே தொடக்கமற்றவை. உயிர்களைப் பற்றிய மலம் பக்குவப்பட்டு நீங்க வேண்டும், அதற்கே உலகம். கிறித்தவ உலகில் வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தைக் காட்டிக் கடிகாரம் செய்தவனை ஊகித்த வாதத்தோடு இதைப் பலர் ஒப்பிடுவர். ஒற்றுமை மேலோட்டமானது. பேலியின் கடிகாரத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. சித்தாந்தத்தின் உலகம் மீண்டும் மீண்டும் ஒடுங்கித் தோன்றுவது.

விரிவு பற்றிய கேள்விக்கு இந்தக் கொள்கை மேலை வாதத்தைவிட இலகுவாக முகம்கொடுக்கிறது. உலகம் மனிதனுக்காக மட்டும் என்று அது சொல்லவில்லை. எண்ணற்ற உயிர்கள், 84 லட்சம் வகைப் பிறவிகள், எண்ணற்ற அண்டங்கள் என்று தொடக்கத்திலேயே வாசலை அகலத் திறந்துவைத்திருக்கிறது. கலிலியோவின் காலத்தில் ஐரோப்பியச் சமயவாதிகள் பட்ட அதிர்ச்சி சைவ மடங்களுக்கு வராமல்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இலகுவிலேயே குறையும் இருக்கிறது. பிரபஞ்சம் ஒரு பந்தளவு இருந்திருந்தாலும் சித்தாந்தி அதே விடையைச் சொல்லியிருப்பார். எவ்வளவு பெரிதென்று கண்டறிந்தாலும் கலங்காத கொள்கை, எதைக் கண்டறிந்தாலும் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுதரப்பாரை வரிசைப்படுத்தும்போது உலகாயதனை முதலில் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஏற்பவனோடு முதலில் பேசவேண்டும் என்ற துணிவு அதில் இருந்தது. பிற்காலச் சைவ மேடைகளில் அந்தத் துணிவு குறைந்து பெருமிதம் கூடிவிட்டது.

கஞ்சமலையின் இரும்பு

சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் பெயர்பெற்றது. அதன் அடிவாரத்தில் சித்தேசுவரர் கோயில் உண்டு. காலாங்கிநாதர் வாழ்ந்த மலை என்பது ஊர் வழக்கு. அண்டத்தில் இருப்பதே உடம்பிலும் இருக்கிறது என்பது சித்தர் கொள்கை. இந்த மலை அந்தக் கொள்கைக்கு எதிர்பாராத ஓர் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

இரும்பு பூமியில் உண்டானதன்று. விண்மீன்களின் உள்ளேயும் அவை வெடிக்கும்போதும் இலகுவான தனிமங்கள் இணைந்து கனமான தனிமங்கள் உண்டாகின்றன. 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஃபவுலர், ஹாய்ல் ஆகிய நால்வர் எழுதிய நீண்ட ஆய்வுரை இந்தச் செயல்முறையை விளக்கியது. கஞ்சமலைப் பாறையில் உள்ள இரும்பும் அந்த மலையேறும் பக்தரின் இரத்தத்தில் உள்ள இரும்பும் அழிந்துபோன விண்மீன்களிலிருந்து வந்தவையே. அந்த விண்மீன்கள் பிறந்து எரிந்து அழியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சமோ விரிந்துகொண்டே இருக்கிறது. பழமையான பிரபஞ்சம் பெரிய பிரபஞ்சமாக இருந்தே தீரும். சிறிய பிரபஞ்சம் என்றால் இளைய பிரபஞ்சம். அதில் கரியும் இரும்பும் இரா, கேள்வி கேட்க ஆளும் இரான். இத்தனை வெற்றிடம் எதற்கு என்று கேட்பதற்கே இத்தனை வெற்றிடம் தேவைப்பட்டிருக்கிறது.

நம்பிக்கையாளர் இதைக் கேட்டதும் மகிழ்வர். அவசரப்படக் கூடாது. வீணாகத் தோன்றிய விரிவு வீணன்று என்பது வரைதான் இந்த வாதம் வரும். தேவையானது என்பதும் ஒருவன் எண்ணிச் செய்தது என்பதும் வேறு வேறு. மழை பெய்யக் கடல் தேவை. அதனால் கடல் மழைக்காகவே வெட்டப்பட்டது என்று ஆகாது. பிரபஞ்சம் பெரிது, ஆகவே படைத்தவன் இல்லை என்ற வாதத்தின் முனையை இது மழுக்குகிறது, அவ்வளவே. சித்தருக்கு அணுக்கரு இயற்பியல் தெரியும் என்று எழுதுவதும் மேலே சொன்ன பழைய பிழைதான். அவர்கள் சொன்னது உடம்பை அற்பமாக எண்ணாதே என்பது. அதற்கு இயற்பியலின் சான்றிதழ் தேவைப்படவில்லை.

காட்டியவள்

நாமக்கல் குன்றுக்குத் திரும்புவோம். நரசிம்மர் குடைவரைக் கோயிலின் தாயார் நாமகிரி. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜனின் குலதெய்வம். நாமகிரியை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதும், பாட்டியின் பக்தியும், கடல் கடக்கத் தயங்கிய காலத்தில் கணிதர் நாமக்கல் வந்து கோயில் வளாகத்தில் மூன்று இரவுகள் படுத்திருந்தார் என்பதும் வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெற்ற செய்திகள். கனவில் சூத்திரங்கள் எழுதப்படக் கண்டதாக அவரே நண்பர்களிடம் சொன்னதுண்டு. 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

ஹார்டி இதை ஏற்கவில்லை. ராமானுஜனை மறைஞானியாகக் காட்டுவதை அவர் வெளிப்படையாக மறுத்தார். சடங்குகளைக் கடைப்பிடித்தார், ஆனால் எல்லாச் சமயங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையாகத் தமக்குத் தோன்றுவதாக ராமானுஜன் தம்மிடம் சொன்னார் என்று எழுதினார். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவரிடம் ராமானுஜன் எவ்வளவு மனம் திறந்திருப்பார் என்ற ஐயம் நியாயமானது. ஆயினும் அவருடைய எச்சரிக்கை தள்ளத்தக்கதன்று. ராமானுஜனின் ஏடுகளில் உள்ள உழைப்பை மறந்துவிட்டு எல்லாம் தாயார் அருள் என்று முடித்துவிடுவது, அந்தக் கும்பகோணத்துப் பிள்ளை சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்த இரவுகளை அழிப்பதாகும்.

நூலக அறிவியலாளர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1967இல் ராமானுஜன் பற்றி வெளியிட்ட நூலில் பலருடைய நினைவுகளைத் தொகுத்தார். கேம்பிரிட்ஜில் ராமானுஜனுடன் பழகிய பி.சி.மகாலனோபிஸ் கூறியது அவற்றுள் ஒன்று. சுழியம் என்பது குணமற்ற பரம்பொருளின் குறி, முடிவிலி என்பது வெளிப்படக்கூடிய எல்லாவற்றின் தொகுதி, இரண்டையும் பெருக்கினால் எல்லா எண்களும் கிடைக்கும், ஒவ்வொரு படைப்பும் அப்படிப்பட்ட ஒரு பெருக்கல் என்ற பொருளில் ராமானுஜன் பேசினாராம். 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழிக்கும் கோவையையும் அவர் இதேபோலப் பயன்படுத்தியதாக ஒரு நினைவு உண்டு: அடுக்கு 0 ஆனால் ஒன்றுமில்லை, 1 ஆனால் ஒரே கடவுள், 2 ஆனால் மும்மூர்த்திகள், 3 ஆனால் சப்தரிஷிகள்.

இரண்டாவது விளையாட்டு. முதலாவதை அப்படித் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் மாணிக்கவாசகரும் மெய்கண்டாரும் கேட்ட கேள்வியை அது வேறொரு திசைக்குத் திருப்புகிறது. வானத்தின் விரிவைப் பார்த்து அஞ்சுவோர் பலர். ஓர் எண்ணுக்குள் இருக்கும் விரிவைப் பார்த்தவர் ராமானுஜன். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 வழிகளில் எழுதலாம். 200ஐ எழுதும் வழிகள் 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட ஆய்வுரை இத்தகைய எண்களை நெருங்கிக் கணிக்கும் வழியைக் காட்டியது. ஒரு பள்ளிப் பிள்ளை மூன்று இலக்கங்களில் எழுதிவிடும் எண்ணுக்குள் பால்வழியின் விண்மீன்களைவிடப் பெரிய கூட்டம் ஒளிந்திருக்கிறது.

இந்த விரிவைப் படைத்தவர் யார்? இங்கே படைப்பு என்ற சொல்லே வழுக்குகிறது. 200இன் பிரிவினைகளை யாரும் ஒரு நாளில் உண்டாக்கவில்லை. வேறாகவும் இருந்திருக்கலாம் என்று நினைக்கவும் முடியாது. நோக்கம் வைத்துச் செய்தான் என்று சொல்ல ஒரு பொருளுக்கு வேறுவிதமாக இருக்கும் வாய்ப்பும் வேண்டும். கணித உண்மைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ராமானுஜன் மீதுள்ள பக்தியால் இதைக் கவனிக்கத் தவறுகிறோம். அவர் நாமகிரியைத் தம் சூத்திரங்களைப் படைத்தவளாகச் சொன்னதாகச் செய்தி இல்லை. காட்டியவளாகவே சொன்னார். சூத்திரம் ஏற்கெனவே இருக்கிறது, தாயார் திரையை விலக்குகிறாள். திருவண்டப்பகுதியின் இறைவன் நீருக்குள் இனிமையை வைத்தவன். ராமானுஜனின் தாயார் இருப்பதைக் காட்டித் தருபவள். நம்பிக்கையின் இந்த இரண்டு வகைகளையும் ஒன்றாகக் குழைத்து, அறிவியலும் ஆன்மிகமும் ஒன்றே என்று மேடையில் முழங்குவதால் இரண்டையும் இழக்கிறோம். முதல் வகை சேலத்து மறுப்புக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. வைத்தவன் அவன் என்றால் உவர்ப்பையும் சாதியையும் வைத்தவன் யார் என்ற கேள்வி அதைத் தொடரும். இரண்டாம் வகையை அந்தக் கேள்வி தொடாது. ஆனால் அதில் உலகுக்கு நோக்கம் என்று ஒன்றும் மிஞ்சாது. உண்மை இருக்கிறது, சிலருக்குத் தெரிகிறது என்பதே மிஞ்சும்.

சுழியத்தை முடிவிலியால் பெருக்கினால் என்ன வரும் என்பதற்குப் பள்ளிக் கணிதத்தில் விடை கிடையாது, அது வரையறுக்கப்படாதது. ராமானுஜனும் அதை அறிந்தவர்தான். அவர் படுத்திருந்ததாகச் சொல்லப்படும் கோயிலைத் தாங்கி நிற்கும் பாறை, சேலம், நாமக்கல் பகுதியின் மற்றப் பழைய பாறைகளைப் போலவே, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமை உடையது. அதில் அதியமானின் உளி பட்டு 1,200 ஆண்டு ஆகிறது.